வாய்பாடும் வயலும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று பேசிவரும் நாம், இன்று பெருக்கல் வாய்பாட்டைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். இதுவும் கிராம வளர்ச்சியைச் சார்ந்ததே. நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறினால் அது விளங்கும்.

ஒரு குளத்தை ஆழப்படுத்தும் வேலையில் இரு குழுவினர் மண் வெட்டினர். ஒரு குழுவின் குழி 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். மற்றொரு குழுவின் குழி 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆழம் இரண்டிற்கும் 1 மீட்டர். இரண்டிற்கு நான்கு இரு மடங்குதானே என்று எண்ணி, பெரிய குழியை வெட்டியவர்கள் இரு மடங்கு கூலிக்கு இசைந்துவிட்டனர். அப்பொழுது ஒரு மூதாட்டியார் குச்சியால் தரையில் கோடு கிழித்து, சிறிய குழி பெரிய குழியினுள் நீளவாக்கில் இருமுறையும் அகலவாக்கில் இருமுறையும், ஆக நான்கு முறை அடங்கும் என்று காட்டினார். அளந்து பெருக்கிப் பார்த்தோம். முதற்குழி 4 கன மீட்டர். அடுத்தது 16 கன மீட்டர். உழைப்பின் பயனில் சரிபாதி கைநழுவிப் போக இருந்தது! அங்கிருந்தோரில் ‘நாநான்கு பதினாறு’ என்று சொல்லத் தெரியாதவர் எவருமிலர். வாய்பாடு நாவில் இருந்தது. அதன் பொருள் மனத்தில் பதியவில்லை.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். முழு எண்களோடு, 320-இல் ஒரு பங்காகிய முந்திரி வரையிலான கீழ்வாய்க் கணக்கையும் பயின்றனர். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஆகவே கலத்திற்கு 96 படி. இக்கணக்கைக் களத்துமேட்டில் நெல் அளக்கையில் அன்றாடம் கண்ணாரக் கண்டனர். 1957 ஏப்ரல் முதல் நாளில் நாணயம் பதின்மான முறைக்கு மாறியது. அதனையடுத்து எடைகளும் அளவைகளும் மாறின. பழைய சுவடியின் பெரும்பகுதி இன்று நமக்குத் தேவையில்லை. ஆயினும், ஓதியதைக் கையாண்டு பார்க்கும் வழக்கம் தேவை. கைப்பேசி பெருக்கித் தரும். எதை எதனால் பெருக்குவது என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும்.

இதைக் கற்பிக்க வயலே போதும். வரிசைக்கு 8 கன்றாக 7 வரிசை தென்னை நட்டால் 56 கன்று. பக்கத்து வரப்பில் நின்று பார்த்தால், வரிசைக்கு 7 கன்றாக 8 வரிசை. கன்றுகள் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகவே ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே. இதை உணர்ந்த குழந்தைக்குப் பத்தாம் வாய்பாடு வரையுள்ள 100 பெருக்கல்களில் 55 போதும். எளிய ஒன்றையும் பத்தையும் நீக்கினால் 36. இரண்டையும் ஐந்தையும் நீக்கினால், முயன்று மனத்திலிருத்த வேண்டியவை 21 மட்டுமே!

மறந்தாலும் கவலையில்லை. ஏழெட்டு நினைவிற்கு வரவில்லையாயின், ஐயெட்டு 40, ஈரெட்டு 16, கூட்டினால் 56. ஒன்பதேழு வேண்டுமாயின், பத்தேழு 70-இல் ஓர் ஏழைக் கழிக்க 63. 45 கிலோ யூரியா மூட்டை 6 வாங்கினால், ஆறு நாற்பது 240, ஆறைந்து 30, ஆக 270 கிலோ. கடைச் சீட்டைச் சரிபார்க்க இது போதும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடமுண்டு. பள்ளிக்குச் செல்லும்பொழுது, பிள்ளைகளை வாய்பாடு ஒப்பிக்கச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கி, ஏழெட்டைக் காட்டச் சொல்லுங்கள். கிராம சபையில் வேலைக் கணக்கு வரும்பொழுது, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அனைவர் முன்னிலையிலும் உரக்கப் பெருக்கிப் பார்த்த பின்னரே ஒப்புதல் அளியுங்கள்.

உழவர் பெருமக்களே! பள்ளி செல்லாதவர் என்று எவரும் கூச வேண்டாம். கோடு கிழித்துக் காட்டிய அம்மூதாட்டியாரும் பள்ளி சென்றவர் அல்லர். நாற்றங்காலுக்குப் போகும்பொழுது உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வரிசைகளை அவர்களே எண்ணட்டும், அவர்களே பெருக்கட்டும். தம் உழைப்பைத் தாமே அளக்கத் தெரிந்தவர்களை எவரும் ஏமாற்ற இயலாது என்று கூறி, நம் உரையை முடிக்கிறோம்.