வண்டி எவ்ளோ கொடுக்குது?

இந்த எபிசோட்ல சின்ன கார்களோட மைலேஜ் பத்திப் பேசலாம். வெயில், மழை, நம்ம கால் பழக்கம், இதெல்லாம் சேர்ந்து பெட்ரோலை எங்கே கொண்டு போகுதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கடைசியில மலைப்பாதை பத்தி ஒரு விஷயம் இருக்கு. பாதியில நிறுத்தினாலும் அதை மட்டும் கேட்டுட்டுப் போங்க.

நம்ம ஊர்ல புது கார் வாங்கினா வர்ற முதல் கேள்வி, "வண்டி எவ்ளோ கொடுக்குது?" அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணன் கேட்பார், கல்யாண வீட்ல சித்தப்பா கேட்பார். மைலேஜ்ங்கறது வண்டி கொடுக்கறது, நாம வாங்கிக்கறதுன்னு இந்தக் கேள்வியிலேயே ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு.

ஷோரூம்ல சொல்ற நம்பர் எங்கிருந்து வருது? ஏஆர்ஏஐ மாதிரியான சோதனை மையங்கள்ல, காரை ரோலர் மேல நிறுத்தி ஓட்டுவாங்க. ஏசி ஆஃப். எதிர்க்காத்து, குழி, திடீர்னு குறுக்க வர்ற ஷேர் ஆட்டோ எதுவும் கிடையாது. எந்த நொடியில எந்த வேகம்னு முன்கூட்டியே எழுதி வச்ச சுமார் 20 நிமிஷ ஓட்டம், அதிகபட்ச வேகம் 90 கி.மீ. இதை ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு காரை ஒப்பிட எல்லாருக்கும் ஒரே பரீட்சை வேணும், அதுக்கான நம்பர் அது. ஆனா உங்க ரோட்டுக்கான நம்பர் அது இல்ல.

சரி, உங்க ரோட்ல என்ன நடக்குது? ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 30 மெகாஜூல் ஆற்றல் இருக்கு. ஊருக்குள்ள ஓடற சின்ன இன்ஜின் அதுல கால்வாசியை சக்கரத்துக்குக் கொடுக்குதுன்னு வச்சுக்குவோம். மிச்சமெல்லாம் சூடாவே போயிடும். ஆக, கையில நிக்கறது லிட்டருக்கு 7.5 மெகாஜூல்.

இப்போ ஆளோட சேர்த்து 1,000 கிலோ இருக்கற ஒரு கார். அது 40 கி.மீ. வேகத்துக்கு வரணும்னா அந்த வேகத்துக்கு மட்டும் சுமார் 8 மில்லி பெட்ரோல் செலவு. 60-க்கு வரணும்னா சுமார் 18 மில்லி. வேகம் ஒன்றரை மடங்குதான், செலவு ரெண்டே கால் மடங்கு. அடுத்து சிக்னல்ல பிரேக்கை மிதிக்கறீங்க. அந்த 18 மில்லியும் பிரேக் டிஸ்க்ல சூடா மாறி காத்துல கலந்துடுச்சு.

ஒரு உதாரணம். மத்திய கைலாஷ்ல இருந்து சிறுசேரி வரைக்கும் ஆபீஸ் போறீங்க. வழியில 40 தடவை, 40 கி.மீ. வேகத்துக்குப் போய் முழுசா நிக்கறீங்கன்னு வச்சுக்கோங்க. 320 மில்லி. லிட்டர் 100 ரூபாய்னு போட்டா 32 ரூபாய். போக வர, மாசம் 22 நாள்: சுமார் 1,400 ரூபாய். இது கார் ஓடறதுக்கான செலவு இல்ல. நிறுத்தி நிறுத்தி எடுக்கறதுக்கு மட்டும் ஆகற செலவு.

இதைக் குறைக்க ஒரு பழக்கம் போதும். முன்னாடி சிவப்பு லைட் தெரிஞ்ச உடனே ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. கியர்லயே உருளட்டும். நீங்க போய்ச் சேரும்போது பச்சை விழுந்தா, வண்டியில மிச்சமிருக்கற வேகம் உங்களுக்கு லாபம். "கேப் விட்டா பைக் உள்ளே நுழைஞ்சிடுவாரே ப்ரோ"ன்னு கேட்பீங்க. நுழையட்டும். நீங்க ஒரு பைக் நீளம் பின்னாடி போயிருக்கீங்க, அவ்வளவுதான்.

அடுத்து வெயில். குளிர் நாடுகள்ல பனிக்காலம் வந்தா மைலேஜ் விழும். இன்ஜின் சூடாக நேரம் எடுக்கும், குளிர்ந்த காத்து அடர்த்தியா இருக்கறதால காரை அதிகமா தடுக்கும். சென்னையில அந்தப் பிரச்சினை கிடையாது. நம்ம சூடான காத்து உண்மையில கொஞ்சம் உதவி பண்ணுது. ஆனா அந்த லாபத்தை ஏசி எடுத்துக்குது.

ஏசி கம்ப்ரஸர் பெரும்பாலும் நேரத்தைக் கணக்கு வச்சுத்தான் பெட்ரோல் குடிக்கும், தூரத்தை இல்ல. ஹைவேல ஒரு மணி நேரத்துல 80 கி.மீ. போறீங்க, அந்தச் செலவு 80 கிலோமீட்டருக்குப் பிரிஞ்சிடும். ஜாம்ல அதே ஒரு மணி நேரத்துல 12 கி.மீ.தான் நகர்றீங்க, மொத்தச் செலவும் அந்த 12 தலையில விழும். 1 லிட்டர் இன்ஜின்ல இது இன்னும் நல்லாவே தெரியும். அதனால கத்திரி வெயில்ல ஏசியை ஆஃப் பண்ணிட்டு வேர்த்து வழிஞ்சு ஓட்டணுமா? வேண்டாம். வெயில்ல நின்ன காரை எடுக்கும்போது முதல் ஒரு நிமிஷம் கண்ணாடியை இறக்கி சூட்டை வெளியேத்துங்க, அப்புறம் ஏசி போட்டு உள்காத்தையே சுத்த விடுங்க. நிழல் கிடைச்சா அங்கே நிறுத்துங்க. தூக்கம் வராம, கோவம் வராம வீடு போய்ச் சேர்றது பத்து ரூபாய் பெட்ரோலை விடப் பெருசு.

மழைக்காலத்துக்கு வேற கதை. ரோட்ல தண்ணி நின்னா டயர் அதைத் தள்ளிக்கிட்டே போகணும். கண்ணாடியில புகை மாதிரி படியறதைப் போக்க ஏசி ஓடணும். எல்லாத்துக்கும் மேல, ஒரு மணி நேரப் பயணம் ரெண்டு மணி நேரமாகும். நவம்பர்ல மைலேஜ் குறைஞ்சா உடனே சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீங்க. முதல்ல அந்த மாசம் எத்தனை மணி நேரம் ஜாம்ல நின்னீங்கன்னு யோசிங்க.

டயர் காத்தும் வானிலையோட சேர்ந்த விஷயம்தான். வெப்பநிலை 5, 6 டிகிரி மாறினா டயர்ல சுமார் 1 பிஎஸ்ஐ மாறும். மத்தியான வெயில்ல 20 கி.மீ. ஓட்டிட்டு பங்க்ல செக் பண்ணினா அழுத்தம் கூடத்தான் காட்டும். "காத்து அதிகமா இருக்கு சார்"னு இறக்கி விட்டுட்டாங்கன்னா, மறுநாள் காலையில டயர் தளர்ந்து கிடக்கும். தளர்ந்த டயர் பெட்ரோலையும் தின்னும், ஹைவேல வெடிக்கவும் வாய்ப்பு அதிகம். காலையில, வண்டி சூடாகறதுக்கு முன்னாடி பாருங்க.

ஹைவேல பிரேக் வேலை குறைவு, அங்கே காத்துதான் எதிரி. 80-ல போறதுக்கும் 100-ல போறதுக்கும் காத்தோட எதிர்ப்பு 56 சதவீதம் கூடுது. சென்னையில இருந்து விழுப்புரம் 160 கி.மீ.ன்னு வச்சா, 100-ல போனா மிச்சமாகறது 24 நிமிஷம். அந்த 24 நிமிஷத்துக்கு என்ன விலைன்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க. காத்தைத் தவிர்க்கறேன்னு லாரி பின்னாடி ஒட்டிக்கிட்டு மட்டும் போகாதீங்க. அவர் பிரேக் அடிச்சா உங்களுக்கு நேரமே இருக்காது.

"மைலேஜ் குறைஞ்சதுக்கு இ20 பெட்ரோல்தானே காரணம்?"னு நிறைய பேர் கேட்கறீங்க. எத்தனால்ல லிட்டருக்கு பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு ஆற்றல் கம்மி. 20 சதவீதம் கலந்தா, சுத்த பெட்ரோலை விட லிட்டருக்கு 6, 7 சதவீதம் ஆற்றல் குறையும். அது உண்மை. ஆனா உங்களுக்கு 30 சதவீதம் குறையுதுன்னா, மிச்சத்துக்குக் காரணத்தை வேற இடத்துல தேடணும்.

இப்போ முதல்ல சொன்ன மலைப்பாதை. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏறணும். அதே 1,000 கிலோ காரைத் தூக்க 18.6 மெகாஜூல் வேணும். அதாவது சமதளத்துல அதே தூரம் ஓடறதை விட சுமார் இரண்டரை லிட்டர் அதிகம். ஏறும்போது மைலேஜ் பாதாளத்துக்குப் போகும். அதனால இறங்கும்போது அதைத் திருப்பி எடுக்கலாம்னு நியூட்ரல் போட்டு உருட்டறவங்க இன்னைக்கும் இருக்காங்க.

கார்பரேட்டர் காலத்துல அதுல ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இன்னைக்கு ஓடற ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல கணக்கு தலைகீழ். கியர்ல இறங்கும்போது ஆக்சிலரேட்டர்ல கால் இல்லைன்னா, கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுசா நிறுத்திடும். சக்கரமே இன்ஜினைச் சுத்தும். ஆர்பிஎம் ரொம்ப இறங்கினாதான் மறுபடி பெட்ரோல் போகும். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் அணையாம இருக்க தொடர்ந்து பெட்ரோல் குடிச்சே ஆகணும்.

பெட்ரோலை விடுங்க. மேலே ஏத்தி வச்ச அந்த 18.6 மெகாஜூல் கீழே வரும்போது எங்கேயாவது போயாகணும். கியர்ல இருந்தா நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கும். நியூட்ரல்ல அந்தப் பங்கும் பிரேக் தலையிலதான். மொத்த ஆற்றல் எவ்ளோன்னா, மூணு 20 லிட்டர் வாட்டர் கேன் தண்ணியைக் கொதிக்க வைக்கற சூடு. பிரேக் அளவுக்கு மீறி சூடானா பிடிக்காது. அடுத்த கொண்டை ஊசி வளைவுல பெடலை மிதிப்பீங்க, வண்டி நிக்காது. இன்ஜினையே ஆஃப் பண்ணி உருட்டறது இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவற பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தே போயிடும். மலைப்பாதைகள்ல இரண்டாவது கியர்ல இறங்கச் சொல்லி போர்டு வைக்கறது இதனாலதான். ஆட்டோமேட்டிக் வண்டியா இருந்தாலும் மேனுவல் மோட், இல்ல லோ கியர் போட்டு இறங்குங்க. இதை உங்க வீட்ல கார் ஓட்டற எல்லார்கிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க.

கடைசியா, உங்க நம்பரை நீங்களே கண்டுபிடிங்க. ஒரே பங்க்ல, ஆட்டோ கட்-ஆஃப் ஆகற வரைக்கும் டேங்க் ஃபுல். ஓடோமீட்டரை எழுதி வைங்க. அடுத்த முறை அதே மாதிரி நிரப்பி, ஓடின தூரத்தைப் போட்ட லிட்டரால வகுங்க. ஒரு தடவை வர்ற நம்பரை நம்பாதீங்க, நாலு தடவை சராசரி எடுங்க. பக்கத்துல மழையா வெயிலா, சிட்டியா ஹைவேயான்னு ஒரு வார்த்தை குறிச்சுக்கோங்க. மூணு மாசத்துல உங்க பழக்கம் அந்த ஷீட்ல தெரிஞ்சிடும்.

அப்புறம் சித்தப்பா "வண்டி எவ்ளோ கொடுக்குது?"ன்னு கேட்டா, "எந்த ரோட்ல, யார் ஓட்டும்போது?"ன்னு திருப்பிக் கேளுங்க. உங்க ஷீட்ல என்ன வந்துச்சுன்னு எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். பத்திரமா ஓட்டுங்க.