‘ஃபைல் திறக்கவில்லை’ என்று கணினி சொன்னால்…
(நலச் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் சிலர் திருமழிசை, அம்பத்தூர் எஸ்டேட்களில் சிறு தொழில் நடத்துகிறீர்கள். சிலர் கடை வைத்திருக்கிறீர்கள். சிலர் அடுக்ககங்களின் பராமரிப்புக் கணக்கைப் பார்க்கிறீர்கள். பெரும்பாலும் அமைப்பு ஒன்றுதான்: மூன்று நான்கு கணினிகள், அதில் ஒன்று ‘சர்வர்’. அதிலுள்ள மைக்ரோசாப்ட் ஆக்சஸ் அல்லது டேலி கணக்கை மற்றவர்கள் நெட்வொர்க் வழியாகத் திறப்பார்கள். ஒரு நாள் காலை அது திறக்காது. அப்போது என்ன செய்வது, முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் உள்ளே நடப்பது என்ன? ஆக்சஸைப் பொறுத்தவரை சர்வர் வெறும் அலமாரிதான். ஒவ்வொரு கணினியும் அதே ஃபைலில் நேரடியாக எழுதுகிறது. ஒரே நோட்டில் நான்கு பேர் எழுதினால் யார் எந்தப் பக்கத்தில் எழுதுகிறார் என்று ஒரு சீட்டு வேண்டும் அல்லவா? அதுதான் லாக் ஃபைல். முதல் ஆள் திறக்கும்போது அது அதே ஃபோல்டரில் உருவாகும். கடைசி ஆள் மூடும்போது அழிந்துவிடும். பாதிப் பிழைகளைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

இனி வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று: ‘நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை’ என்று வந்தால், சர்வர் ஓடுகிறதா, ஸ்லீப்பில் போய்விட்டதா, கேபிள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சர்வரின் பெயருக்குப் பதில் அதன் ஐ.பி. முகவரியைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால் சிக்கல் பெயரில் மட்டும்தான். பழைய ஐ.பி. முகவரியை வைத்து இணைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல் உண்டு: கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி தொடங்கியதும் அந்த முகவரி மாறியிருக்கலாம். ரவுட்டரில் சர்வருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் தொல்லை தீரும்.

இரண்டு: ஃபைல் தெரிகிறது, ஆனால் ‘படிக்க மட்டும்’ என்கிறது, அல்லது ‘லாக் செய்ய முடியவில்லை’ என்கிறது. விண்டோஸில் அனுமதி இரண்டு அடுக்கு: ஷேரிங் அனுமதி, செக்யூரிட்டி அனுமதி. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். ஃபைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது. லாக் ஃபைலை உருவாக்கவும் அழிக்கவும் வேண்டியிருப்பதால் ஃபோல்டருக்கே ‘மாடிஃபை’ அனுமதி வேண்டும்.

மூன்று: ‘வேறொருவர் பயன்படுத்துகிறார்’ என்கிறது, ஆனால் யாரும் இல்லை. சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் என்று போனால் யார் திறந்திருக்கிறார்கள் என்று தெரியும். எல்லோரும் மூடிய பிறகும் லாக் ஃபைல் தங்கியிருந்தால், அது கரண்ட் போனபோது விட்டுப்போன சீட்டு, அழிக்கலாம். ஒருவர் வேலையில் இருக்கும்போது அழிக்க முயலாதீர்கள். டேலிக்காரர்கள் உரிமத்தையும் பாருங்கள்: சில்வர் ஒருவருக்கு, ஒரே நெட்வொர்க்கில் பலர் வேலை செய்ய கோல்டு வேண்டும்.

நான்கு: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோனது. இங்கேதான் கவனம் வேண்டும். அவசரத்தில் ஃபயர்வாலை நிறுத்துவது, எல்லோருக்கும் முழு அனுமதி கொடுப்பது, பழைய எஸ்.எம்.பி.-1 முறையை மறுபடி இயக்குவது என்று மூன்று குறுக்குவழிகளை யாராவது சொல்வார்கள். வேலை அப்போதைக்கு நடக்கும். ஆனால் 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் அந்த எஸ்.எம்.பி.-1இன் ஓட்டை வழியாகத்தான் 150 நாடுகளுக்கு மேல் பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அதை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது; போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து புதிய விண்டோஸ் 10இல் அந்த முறை தானாக வருவதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்போ பாஸ்வேர்டு இல்லாத ‘கெஸ்ட்’ நுழைவையும் மறுக்கிறது. சரியான வழி: சர்வரில் ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டுடன் கணக்கு உருவாக்கி, அதை அவரவர் கணினியில் சேமித்துவிடுங்கள்.

ஃபைல் கெடாமல் இருக்கவும் சில பழக்கங்கள் வேண்டும். ஆக்சஸ் ஃபைலை வைஃபையில் இயக்காதீர்கள். நொடி நேரம் இணைப்பு அறுந்தாலும் பாதி எழுதிய பதிவு ஃபைலைக் கெடுத்துவிடலாம். யு.பி.எஸ்.ஸைக் கணினிக்கு மட்டும் கொடுக்காமல் ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் கொடுங்கள். படிவங்களை அவரவர் கணினியிலும், தரவை மட்டும் சர்வரிலும் பிரித்து வையுங்கள். ஒரு ஆக்சஸ் ஃபைல் 2 ஜி.பி.க்கு மேல் வளராது. அளவை அவ்வப்போது பாருங்கள். கூகுள் டிரைவ் போன்ற, தானாக நகலெடுக்கும் ஃபோல்டரில் ஓடும் ஃபைலை வைக்காதீர்கள். மாலையில் எல்லோரும் மூடிய பிறகு தேதியிட்டு நகல் எடுத்து, அதை வேறு டிஸ்கில் வையுங்கள். பழுது பார்ப்பதையும் அந்த நகலில்தான் முதலில் செய்ய வேண்டும்.

யார் பராமரிப்புத் தொகை கட்டினார், யாருக்குப் பாக்கி என்பது அந்த ஒரு ஃபைலில் இருக்கிறது. அது போனால் அண்டை வீட்டாருக்குள் மனக்கசப்புதான் மிஞ்சும். அதனால் அடுத்த முறை பிழை வந்தால் உடனே ‘ஓகே’ அழுத்தாதீர்கள். திரையில் உள்ளதை அப்படியே போனில் படம் எடுங்கள். ஒரு கணினியில் மட்டும் வருகிறதா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கணினி. எல்லாவற்றிலும் என்றால் சர்வர் அல்லது நெட்வொர்க். இதைச் சொல்லிவிட்டாலே சரிசெய்ய வருபவரின் பாதி வேலை முடிந்துவிடும்.