வெடித்த சுவரும் சேமலாபக் காசும்

(பேராதனைக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "டீச்சர், பேராதனைப் பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கு. சுவர் கொஞ்சம் வெடிச்சிருக்கு, அதனால மலிவாம். வாங்கலாமா?"

இது அவருடைய கேள்வி மட்டுமல்ல. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் ஊழியர் சேமலாப நிதி கைக்கு வருகிறது. நம் வாழ்நாளில் மொத்தமாகக் காண்கிற காசு அநேகமாக அது ஒன்றுதான். லயத்தை விட்டு வெளியேறும் அவசரத்தில் அதைத் தொலைத்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அப்பா ஓய்வு பெற்றதும் மேட்டில் ஓர் ஓட்டு வீட்டைப் பார்த்தார். ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட். கிட்டப் போய்ப் பார்த்தால், ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரிச் சரிந்து இறங்கும் வெடிப்பு. வீட்டுக்காரரிடம் கேட்டு, வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியை அளந்து, திகதி எழுதி வைத்தேன். இரண்டு மாத மழைக்குப் பிறகு இடைவெளி கூடியிருந்தது. நாங்கள் வாங்கவில்லை. அப்பா என்னோடு சரியாகப் பேசவே பல நாள் ஆனது.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: நின்றுபோன வெடிப்பைப் பூசலாம், வளர்கிற வெடிப்பைப் பூச முடியாது. சாந்தில் மயிரிழை போல ஓடும் கீறல் பெரிய விஷயமல்ல. கறையான் அரித்த மரத்தையும் உடைந்த ஓட்டையும் மாற்றலாம். அந்தச் செலவை மேசன் பாஸிடம் கேட்டு விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு வீடு அப்போதும் மலிவா என்று தெரிந்துவிடும்.

ஆனால் மண் நகர்ந்தால் எந்த பாஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே வீட்டைப் பார்க்க முன் மலையைப் பாருங்கள். மேலே நிலம் பிளந்திருக்கிறதா? மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா? புதிதாக ஊற்று கிளம்பிக் கலங்கல் தண்ணீர் வருகிறதா? அணைச்சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? மழைத் தண்ணீர் ஓடக் கான் இருக்கிறதா? மழை நாளில் போய்ப் பாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயம் பற்றிக் கேளுங்கள்.

பக்கத்துக் கட்டிடத்தையும் பாருங்கள். 2020 செப்டம்பரில் கண்டி பூவெலிகடயில் ஐந்து மாடிக் கட்டிடம் சரிந்து அயல் வீட்டின் மேல் விழுந்தது. தாய், தகப்பன், கைக்குழந்தை மூவரும் இறந்தார்கள்.

அடுத்தது உறுதி. விலை மிகக் குறைந்த காணி சிலவேளை அரச அனுமதிப்பத்திரக் காணியாக இருக்கும். பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அதை விற்க முடியாது. காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இனி மனதை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீட்டை வாங்காததால் நாங்கள் பாதுகாப்பாகிவிட்டோமா? இல்லை. அப்பா இன்றும் இருக்கிற காம்பராவின் சுவரும் வெடித்ததுதான். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் போவதற்கு வேறு இடம் கொடுக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது இந்தக் கண்டி மாவட்டமே மண்சரிவில் தவித்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

பாதுகாப்பான இடத்தில் நம் பெயரில் காணியும் உறுதியும் இருந்தால், எவரும் வெடித்த சுவரைத் தேடிப் போகமாட்டார்கள். அந்தக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை. அதுவரை, வீடு வாங்க நினைப்பவர்கள் உறுதிப் பிரதியோடு முதலில் கிளைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூட வந்து பார்க்கிறேன். அந்த அக்காவோடு வருகிற ஞாயிறு போகிறேன். பென்சிலும் அடிமட்டமும் பையில் இருக்கின்றன.