பாங்காக்கில் பார்த்த கறுப்புச் சட்டை



70 ஆண்டுகள் அரியணையில் இருந்த தாய்லாந்து மன்னர் பூமிபோல் 2016 அக்டோபர் 13 அன்று மறைந்தார். அடுத்த மாதம் பாங்காக் போயிருந்தேன். தள்ளுவண்டியில் பழம் விற்ற அம்மாகூடக் கறுப்புச் சட்டையில் இருந்தார். அரண்மனை வாசலில், வெயிலில், நீண்ட வரிசை. பலர் அழுதார்கள், நடிப்பாகத் தெரியவில்லை.

புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் வென்ற நம் மணிமங்கலப் போரை நடத்தும்போது இதைச் சொன்னேன்.

"கறுப்பு போடலைன்னா, சார்?" என்றாள் ஒரு மாணவி.

"உடைக்குச் சட்டமில்லை. ஆனால் மன்னரை இழித்துப் பேசினால் 3 முதல் 15 ஆண்டு சிறை."

"அப்போ அது அன்பா, பயமா?"

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் நான் நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. அவளும்தான்.