படத்தை நோயாளியிடமும் காட்டுங்கள்
கீழ்வேளூர்க் கருத்தரங்கத் தலைமை உரை



இந்தக் கருத்தரங்கைப் பெருநகரத்தில் வைக்காமல் கீழ்வேளூரில் கூட்டிய அமைப்பாளர்களுக்கு முதலில் என் நன்றி. கையில் எடுத்துச் செல்லும் அல்ட்ராசவுண்டு கருவியைக் கொண்டு, யாருக்கு மாரடைப்பு வரக்கூடும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா என்பதுதான் இன்றைய பொருள். திருவாரூரில் 2010 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகைக்கு ஒரத்தூரில் 2022இல் வந்துவிட்டது. மாரடைப்பு வந்தவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடம் உண்டு. வருமுன் கண்டுபிடிக்கும் வேலையோ இன்னமும் ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையில்தான் நடந்தாக வேண்டும்.

அந்த மேசையை நாம் அறிவோம். நடவு வேலை முடித்து, காலில் காய்ந்த சேற்றோடு வந்து உட்காரும் ஐம்பது வயது அம்மாவுக்கு பி.பி. 170/100 காட்டுகிறது. மாத்திரை எழுதிக் கொடுக்கிறோம். ‘எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டர்’ என்கிறார். தலைச்சுற்றல் நிற்கும் வரை சாப்பிடுகிறார், நின்றதும் விட்டுவிடுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. அதை அவர் விடாமல் சாப்பிட வேண்டுமானால், தன் உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்று அவருக்கே தெரிய வேண்டும். இந்தக் கருவியால் ஆகக்கூடிய பெரிய காரியம் அதுதான் என்பது என் கருத்து.

புரோபைக் கழுத்தின் பக்கவாட்டில் வைத்து, தமனி இரண்டாகப் பிரியும் இடம் வரை மெல்ல நகர்த்துங்கள். திரையில் குழாயின் சுவர் இரண்டு கோடுகளாகத் தெரியும். ஓரிடத்தில் அது 1.5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ, குழாயின் உள்ளே அரை மில்லிமீட்டராவது துருத்திக்கொண்டிருந்தாலோ அது கொழுப்புத் திட்டு. கழுத்தில் திட்டு இருந்தால் இதயத்து ரத்தக்குழாயிலும் இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிட வேலை, ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

சுவரின் தடிமனை மட்டும் அளந்து குறித்துவைக்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. நம் மாநிலத்திலேயே அதற்கு மதிப்புமிக்க ஆய்வு இருக்கிறது. டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் கழுத்துத் தமனிச் சுவர் மற்றவர்களைவிடத் தடித்திருந்தது தெளிவாகவே தெரிந்தது. ஆனால் ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்லும் அளவு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்லப் போதாது. அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்களின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் வழக்கமான பரிசோதனையாகத் தடிமனை அளக்க வேண்டாம் என்றே சொன்னது. புரோபை ஒரு நூல் சாய்த்துப் பிடித்தாலே எண் மாறிவிடும். ஆகவே திட்டு உண்டா, இல்லையா என்று பாருங்கள். அதையும் பி.பி., சுகர், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் எல்லாம் கேட்டுக் குறித்த பிறகு பாருங்கள்.

1953இல் எட்லரும் ஹெர்ட்ஸும் உலோகத்தில் விரிசல் பார்க்கும் அல்ட்ராசவுண்டு கருவியைக் கொண்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்தது சுவீடனில். அதே நாட்டின் வெஸ்டர்போட்டன் பகுதியில் நடந்து, 2019இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 3,532 பேருக்குக் கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும், அவர்களுடைய மருத்துவருக்கும் சேர்த்து, முடிவைப் படமாக அனுப்பினார்கள். சில வாரம் கழித்து ஒரு செவிலியர் தொலைபேசியில் அழைத்து, படம் புரிந்ததா என்று கேட்டார். ஓராண்டு கழித்துப் பார்த்தால், படம் பார்த்தவர்களின் இதய நோய் ஆபத்து மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. செவிலியர்கள் இந்தத் தொலைபேசி அழைப்பைக் கவனிக்க வேண்டும். அதை நம் ஊரில் நாளையே தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. திட்டு இல்லை என்றால் ஆபத்தே இல்லை என்று சொல்லி யாரையும் அனுப்பாதீர்கள். அந்தப் பொய் நிம்மதியில் மாத்திரையை நிறுத்துபவருக்கு வரும் கேட்டுக்கு நாமே பொறுப்பு.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கையடக்கக் கருவிக்கு 2012இல் தனி விதி வந்தது. பதிவு பெற்ற வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கு, அல்லது பல சேவைகளோடு செல்லும் நடமாடும் மருத்துவ வண்டியில், என்று இரண்டு இடங்களில் மட்டுமே அனுமதி. இதைத் தடை என்று நொந்துகொள்ளும் குரல்களைக் கேட்கிறேன். பெண் சிசுக்களை நாம் இழந்த வரலாற்றிலிருந்து பிறந்த விதி அது, அதை மதிக்க வேண்டும். வண்டியின் வழி திறந்தே இருக்கிறது. பதிவு செய்து, அந்த வழியில் ஊர் ஊராகப் போவோம்.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை பேருக்கு ஸ்கேன் எடுத்தீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். அவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்கு பி.பி. 140க்குக் கீழே வந்தது என்பதையும் இந்த மேடையில் சொல்லுங்கள். இனி அமர்வுகளைத் தொடங்கலாம்.