நம்ம தொகுதிக்கு யார் பிரதிநிதி?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம குழுவில் ஒரு ஊக்குநர், ரெண்டு பிரதிநிதி. பிரதிநிதி ஒருத்தி பிரசவத்துக்குத் தாய் வீடு போனால் என்ன பண்றோம்? அடுத்த கூட்டத்திலேயே வேற ஆளைப் போட்டுத் தீர்மானம் எழுதிடுறோம். கையெழுத்து இல்லாட்டி பேங்க்ல பணம் எடுக்க முடியாதே! ஆனா நம்ம நிலக்கோட்டைத் தொகுதி 20 மாதம் எம்.எல்.ஏ. இல்லாமல் இருந்ததே, எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

அதுக்கு முன்னாடி ஒரு பெருமையைச் சொல்லிடுறேன். பெண்களுக்கு ஒதுக்கீடு எதுவும் இல்லாத 1957-லேயே இங்கே ஜெயித்தவர் ஏ.எஸ். பொன்னம்மாள் அம்மா. அப்போ நாம மதுரை மாவட்டம். 1962-ல் அவர் பக்கத்துச் சோழவந்தானில் ஜெயித்தார். பிறகு 1989, 1991, 1996 என்று மூணு தடவை மறுபடி நம்ம நிலக்கோட்டை. முதல் வெற்றிக்கும் 1989-க்கும் நடுவில் 32 வருஷம்! 2006-ல் தேன்மொழி, அவரே 2019 இடைத்தேர்தலிலும் 2021-லும். ஆக, 2021 வரைக்கும் 7 தடவை பெண்ணை அனுப்பிய தனித்தொகுதி இது. 2021-ல் தமிழ்நாடு முழுக்க 234 பேரில் ஜெயித்த பெண்கள் 12 பேர்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

இப்போ அந்த 20 மாதம். 2016-ல் நாம ஜெயிக்க வைத்தவர் உட்பட 18 எம்.எல்.ஏ.க்களை 2017 செப்டம்பரில் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். கோர்ட்டில் வழக்கு நடந்தது. நீக்கம் செல்லும் என்று 2018 அக்டோபரில் தீர்ப்பு. இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில், முடிவு மே மாதம். கட்சிக்குள்ள நடந்த சண்டை அது. யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரல. ஓட்டுப் போட்ட நமக்காகச் சட்டசபையில் எழுந்து நிற்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. 2016 அக்டோபரோட பஞ்சாயத்துத் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலமும் முடிஞ்சிருந்தது. உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் கடைசியில். அதுவரை தனி அலுவலர்தான். எம்.பி. இருந்தார், சரி. தெருக்குழாயில் தண்ணி வரலன்னு எம்.பி.கிட்டயா போறது?

அந்த டிசம்பர் தேர்தலில்தான் உள்ளாட்சியில் நமக்குப் பாதி இடம் கிடைத்தது. சட்டசபையில் மூன்றில் ஒரு பங்குக்கு 2023-ல் சட்டம் போட்டாங்க. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிஞ்ச பிறகுதான் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கு. என்னைக் கேட்டால், ஒதுக்கீடு வரட்டும், ஆனா சீட்டு யாருக்கு என்பதைக் கட்சிதான் முடிவு பண்ணும். அந்தப் பட்டியலில் நம்மில் ஒருத்தி பேர் வரணும்னா, குழுவில் கணக்குப் புத்தகம் எழுதுறவள் இப்பவே கிராம சபையில் எழுந்து பேசிப் பழகியிருக்கணும்.

எம்.எல்.ஏ. இருந்தாலும் இல்லாட்டியும் ஆபீஸ் இருக்கும், அதிகாரி இருப்பார், திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவாங்க. மனு கொடுத்தா ரசீது வாங்காம வராதீங்க. ஒரு நகலை மறக்காமல் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வைங்க. பிரதிநிதி மாறினாலும் அடுத்து வர்றவளுக்கு அது வேணும்.