மகளிர் பந்தாட்டமும் இரசிகர் கடமையும்



பந்தாட்டம் இரு அணிகளுக்கு இடையே நிகழ்வது என்பது பொதுவான எண்ணம். களத்தைச் சுற்றி நிற்கும் மக்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், அங்கே மூன்று தரப்புகள் இருத்தல் புலனாகும். அம்மூன்றாந் தரப்பாரின் பொறுப்பு யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20ஆந் திகதி, அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் தொழின்முறை மகளிர் கூடைப்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டி நடைபெற்றது. நியூயோர்க் அணியும் மினசோட்டா அணியும் தலா இரண்டு வெற்றிகளைப் பெற்று, ஐந்தாவது ஆட்டத்திற்கு வந்திருந்தன. நேரம் முடிவதற்கு ஐந்து விநாடிகளே எஞ்சியிருந்த வேளையில் நியூயோர்க் அணி இரண்டு புள்ளிகளாற் பின்தங்கி நின்றது. அப்பொழுது மினசோட்டா வீராங்கனை ஒருவர் விதி மீறினார் எனக் கூறி, நியூயோர்க் அணிக்குத் தடையின்றிப் பந்தெறியும் வாய்ப்பு இரண்டினை நடுவர் வழங்கினர். மினசோட்டா தரப்பு மறுத்துரைத்தது. ஒளிப்பதிவைப் பார்த்த பின்னரும் தீர்ப்பு மாறவில்லை. இரண்டு பந்துகளும் கூடையுள் வீழ்ந்தன. ஆட்டம் 60–60 எனச் சமநிலை எய்திற்று. மேலதிக நேரத்தில் நியூயோர்க் 67–62 என்று வென்றது.

நியூயோர்க் அணி 1997இல் அப்போட்டித் தொடர் தொடங்கிய நாள் முதலாக ஆடி வருவது. அதற்கு முன்னர் ஐந்து தடவை இறுதிப் போட்டியை அடைந்து, ஐந்து தடவையும் தோற்றது. அத்துணைக் காலமும் காத்திருந்த இரசிகர்கள், நான்கு நாட்களின் பின் பெருவீதியில் நிகழ்ந்த வெற்றி ஊர்வலத்திலே திரண்டு நின்று ஆரவாரித்தனர். மினசோட்டா அணியின் பயிற்றுநரோ, வெற்றி தம்மிடமிருந்து களவாடப்பட்டது என்று வெளிப்படையாகவே கூறினார். அவ்வணியின் இரசிகர் பலரும் அவர் பக்கம் நின்றனர். யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, ஒன்று மட்டும் தெளிவு. பெண்கள் ஆடிய ஆட்டமொன்றைத் தம்முடைய சொந்தக் காரியமாக எண்ணி ஒரு சாரார் மகிழ்ந்தனர். மறு சாரார் மனம் நொந்தனர். பொருட்படுத்தாத ஒன்றுக்காக எவரும் சினங்கொள்வதில்லை.

நிற்க. இதற்குச் சரியாக ஏழு நாட்களின் பின், ஒக்டோபர் 27ஆந் திகதி, இந்தியாவின் பெங்களூரில் ஆசிய வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டி நடந்தது. முந்திய போட்டியின் வெற்றியணியாகிய இலங்கை, சிங்கப்பூரிடம் 67–64 என்ற கணக்கில் தோற்றுக் கிண்ணத்தை இழந்தது. மூன்றே புள்ளிகள்! கிரிக்கெட்டில் இத்தகைய தோல்வி நேர்ந்திருப்பின், பரந்தனிலும் மாங்குளத்திலும் தேநீர்க் கடைதோறும் அதுவே பேச்சாக இருந்திருக்கும். வலைப்பந்தாட்டத் தோல்விக்காக வருந்தியவர் எத்தனை பேர் என்று நேயர்கள் தத்தம் ஊரை எண்ணிப் பார்க்கலாம்.

வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் உடன்பிறப்பு. 1891இல் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் அமெரிக்காவில் வகுத்த ஆட்டமே, இங்கிலாந்துப் பெண்களிடையே மாறி வளர்ந்து இவ்வடிவம் பெற்றது. அதன் விதிகளை உலகுக்குப் பொதுவாக அமைப்பதற்கு 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடிய இடம் இலங்கையே. 1963இல் நடந்த முதலாவது உலகப் போட்டியிலும் இலங்கை மகளிர் ஆடினர். ஆகவே, இது நமக்குப் புதிய ஆட்டமன்று.

இவ்வாட்டத்தில் உலகறிந்த பெயர் பெற்றவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். ஆறடி பத்தங்குல உயரமுடைய அவர், அவ்வுயரத்தின் பொருட்டே இளமையிற் பலருடைய கேலிக்கும் ஆளானவர். பிற்காலத்தில் அதே உயரம் நாட்டின் பெருமையாகப் போற்றப்பட்டது. 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசிய இறுதிப் போட்டியில் இலங்கை 69–50 என்று வென்றபோது, அவரை வாழ்த்தாத தமிழ் ஏடில்லை எனலாம். ஏளனஞ் செய்ததும் ஊரின் நாவே. வாழ்த்தியதும் ஊரின் நாவே. ஏளனத்தைத் தாங்கி நின்றமையால் அவர் வாழ்த்தைக் கேட்டார். தாங்கமாட்டாது களத்தை விட்டகன்ற பெண்கள் எத்தனை பேரோ!

2009இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டில் வன்னி மக்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போரினால் வீடிழந்து வவுனியா மாவட்ட முகாம்களில் இருந்தனர். விளையாட்டை எண்ணி மகிழும் நிலை அன்று அவர்களுக்கு இல்லை. இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பாடசாலை முற்றங்களில் சிறுமியர் மீண்டும் பந்தெறிகின்றனர். கோட்ட மட்டத்தில் வென்று வலய மட்டத்திற்கும், அங்கு வென்று மாகாண மட்டத்திற்கும் பேருந்தேறிச் செல்கின்றனர். அவர்களுள் ஒருத்தி பதினான்கு வயதில் ஆட்டத்தைக் கைவிடுவாளாயின், வறுமையும் தூரமும் மட்டுமே அதற்குக் காரணங்கள் அல்ல. அவள் அணிந்த ஆடையைப் பற்றியோ உடலைப் பற்றியோ வேலியோரத்தில் நின்ற ஒருவர் கூறிய ஒரு சொல்லும் காரணமாதல் கூடும்.

ஆதலால், நல்ல இரசிகராவதற்கு முதற்படி ஆட்டத்தின் விதியை அறிதலேயாகும். அணிக்கு எழுவர், பந்தை மூன்று விநாடிகளுக்கு மேற் கையில் வைத்திருத்தலாகாது, வலைக்குள் எறியும் உரிமை இருவருக்கே உண்டு, வளையத்தின் உயரம் பத்தடி. இவற்றை அறிந்தவர் கண், ஆடுபவளின் ஆடையை விட்டு அவளுடைய திறமையிற் பதியும். நடுவர் தீர்ப்புப் பிழையெனத் தோன்றின் வாதிடலாம். ஆனால், அவ்வாதம் ஆட்டத்தைப் பற்றியதாக இருத்தல் வேண்டும்.

பந்தாட்டக் களமொன்றை அமைப்பதற்குப் பணம் வேண்டும். பயிற்றுநரைப் பெறுவதற்குக் காலம் வேண்டும். மகள் ஆடும் நாளில் தந்தையொருவர் ஒரு மணி நேரம் களத்தருகே நின்று பார்ப்பதற்கு இவையிரண்டும் வேண்டியதில்லை. தோற்று வீடு திரும்பும் பிள்ளையிடம் ஆட்டம் எவ்வாறு நடந்தது என்று உண்மையான ஆவலுடன் கேட்பதும் அத்தகையதே. வன்னியின் அடுத்த வீராங்கனை எந்தக் கிராமத்திலிருந்து வருவாள் என்பதை எவரும் அறியார். அவள் அடுத்த ஆண்டும் களத்தில் இருப்பதற்கு வேண்டிய துணையை, அவளது ஊரார் இன்றே அளித்தல் கூடும்.